வைட்டமின் டியும் தன்னுடல் தாக்குநோய்களும்

வைட்டமின் டி, வெயிலின் புற ஊதாக் கதிர்கள் படும்போது தோலில் உருவாகி, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் செயல்வடிவம் பெறுகிறது. எலும்புக்கு உறுதி தருவதோடு நோயெதிர்ப்பு மண்டலத்தையும் நெறிப்படுத்துகிறது. நோயெதிர்ப்புச் செல்களான டி (T) செல், பி (B) செல் ஆகியவற்றில் இதற்கான ஏற்பிகள் உள்ளன. அழற்சியைத் தூண்டும் செல்களை அடக்கி, உடல் தன் திசுக்களையே தாக்காமல் தடுக்கும் ஒழுங்குமுறை டி செல்களை ஊக்குவிக்கிறது. வெயில் குறைந்த வடபுல நாடுகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் தன்னுடல் தாக்கு நரம்பு நோய் மிகுதியாக இருப்பதற்கு வைட்டமின் டி பற்றாக்குறையும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த 'வைட்டல்' ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. நாள்தோறும் 2,000 பன்னாட்டு அலகு (IU) வைட்டமின் டியைச் சுமார் 5 ஆண்டுகள் உட்கொண்டவர்களிடம் முடக்குவாதம், சொரியாசிஸ் முதலிய தன்னுடல் தாக்குநோய்கள் மற்றவர்களைவிட 22 விழுக்காடு குறைவாகத் தோன்றின. ஏற்கெனவே வந்த நோயை இது குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் கூடிச் சிறுநீரகம் பாதிக்கப்படும்.