தானியம் விழுங்கும் பிள்ளைகள்

கொம்பறையிலிருந்து கடகத்தால் நெல் அள்ளும் வழக்கத்தை அறிந்த எமக்கு, தானியம் ஒரு பிள்ளையை உயிருடன் விழுங்கிவிடும் என்பதை நம்புவது கடினமே. அமெரிக்காவின் சோள மாநிலங்களில் இது பழகிப்போன துயரம். செய்தி மேசைகளில் இத்தகைய மரணங்கள் ஒரு பந்தியுடன் முடிந்துவிடுவதையே நான் கண்டிருக்கிறேன்.

1986 ஆம் ஆண்டு அயோவா மாநிலத்தின் ஏர்லம் என்ற சிற்றூர்ப் பகுதியில், 11 வயதுச் சிறுவன் ஒருவன் சோளம் நிரம்பிய இழுவை வண்டியினுள் மூழ்கி மூச்சடைத்து இறந்தான். அவ்வகை வண்டியின் அடித்தளம் சரிவானது. கீழ்க்கதவைத் திறந்தால் சோளம் தானாகவே வழிந்தோடும். மேற்பரப்பிலோ மணற்கடிகாரத்தில் விழுவது போன்ற குழியொன்று விழும். அதில் அகப்பட்டவரின் கால்கள் சில செக்கன்களில் இறுகிவிடும். பெரிய களஞ்சியங்களில் ஏறத்தாழ 20 செக்கன்களில் ஒருவர் முழுமையாக மறைந்துவிடலாம். இடுப்பளவு புதைந்தவரையே கையால் இழுத்தெடுக்க இயலாது. மூச்சை வெளிவிடும்போது நெஞ்சு ஒடுங்கும் இடைவெளியையும் தானியமே நிரப்பிக்கொள்ளும்.

அச்சிறுவனின் தாயார் மரிலின் அடம்ஸ், 1987 இல் ‘பாம் சேப்டி போர் ஜஸ்ட் கிட்ஸ்’ என்ற அமைப்பை நிறுவினார். சிறார்களுக்கே உரிய பண்ணைப் பாதுகாப்பு என்பது அப்பெயரின் பொருள். கண்ணாடிப் பெட்டியில் சோளத்தை நிரப்பி, மேலே சிறு பொம்மையை நிறுத்தி, கீழ்த்துவாரத்தைத் திறந்து காட்டுவது இத்தகைய வகுப்புகளின் வழமையான செய்முறை. பிள்ளைகளின் கண்முன்னே பொம்மை மறையும். அசையாத தானியமும் நம்பத்தக்கதன்று என்பது அடுத்த பாடம். பூஞ்சணம் பிடித்து இறுகிய மேலோட்டின் கீழே வெற்றிடம் இருக்கலாம். சுவரோடு ஒட்டி நிற்கும் தானியம் மலைச்சரிவாய் விழலாம்.

நல்ல பாடமே. ஆயினும் கதவைத் திறப்பவரும் இயந்திரத்தை இயக்குபவரும் பெரும்பாலும் வளர்ந்தவர்களே. கூட்டாட்சி அரசு 1987 இறுதியில் வெளியிட்ட தானியக் களஞ்சிய விதிகள் வணிகக் களஞ்சியங்களுக்கு உரியவை. குடும்பப் பண்ணையின் வேலியை அவை தாண்டவில்லை. பெற்றோரின் சொந்தப் பண்ணையில் உழைக்கும் பிள்ளைகளுக்கு, அபாயகரமான பண்ணை வேலைகளுக்கான வயதுக் கட்டுப்பாடும் இல்லை.

விதிகள் இருந்த இடத்திலும் அவை மதிக்கப்பட்டனவா? 2010 யூலையில் இலினோய் மாநிலத்தின் மவுண்ட் கரொலில், 14 மற்றும் 19 வயதுடைய இருவர் வணிகக் களஞ்சியமொன்றில் சோளத்துள் புதையுண்டு இறந்தனர். பாதுகாப்புப் பட்டி அணிவிக்கப்படவில்லை. அவர்கள் உள்ளே நிற்கையில் இயந்திரம் இயங்கிக்கொண்டிருந்தது.

2011 இல் தொழில் திணைக்களம், கூலிக்கு அமர்த்தப்படும் சிறார்களை இத்தகைய வேலைகளிலிருந்து விலக்கும் விதிகளை முன்மொழிந்தது. பெற்றோரின் பண்ணைகளுக்கு அவற்றிலும் விலக்கு இருந்தது. இருந்தும் விவசாய அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. 2012 ஏப்ரலில் முன்மொழிவு மீளப்பெறப்பட்டது. பதிலாகப் பண்ணை அமைப்புகளுடன் சேர்ந்து கல்வித்திட்டம் ஒன்று வகுக்கப்படும் என்று திணைக்களம் அறிவித்தது.