ஒரு பயிற்சி மருத்துவரும் அவருக்கு வழி காட்டியவர்களும்



மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் சிகிச்சையைப் பற்றிக் கல்லூரிகளில் பேசும்போதெல்லாம், 'இதைக் கண்டுபிடித்தவர் யார்?' என்றே என்னைக் கேட்கிறார்கள். ஒரே பெயரைச் சொல்லி முடிக்க எனக்கு மனம் வருவதில்லை.

ராய் கேல்ன் என்பவர் லண்டனில் மருத்துவ மாணவராக இருந்தபோது, தம் வயதினன் ஒருவன் சிறுநீரகம் பழுதுற்று இறக்கும் நிலையில் கிடப்பதைக் கண்டார். வேறு சிறுநீரகம் பொருத்தலாகாதா என்று கேட்டார். 'முடியாது' என்றார் மூத்தவர். ஏன் என்றதற்கும் அதே விடைதான்!

1954இல் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே அச்செயலைச் செய்து காட்டினார். ஆனால் கொடுத்தவரும் பெற்றவரும் உருவொத்த இரட்டையர். மற்றவர் உறுப்பை உடல் அந்நியமென்று கண்டு அழித்துவிடும்.

கேல்ன் பின்னர் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பயிற்சி பெற்றுவந்த காலத்தில், டவுன் என்னும் சிற்றூரில் (டார்வின் வாழ்ந்த ஊர் அது) நாய்களுக்குச் சிறுநீரகம் மாற்றிப் பார்த்தார். அவ்வெதிர்ப்பைக் கதிர்வீச்சால் அடக்க முயன்றார், பலிக்கவில்லை. அப்போது கென் போர்ட்டர் என்ற நோயியல் அறிஞர், 1959இல் வெளிவந்த ஒரு கட்டுரையைப் படிக்கச் சொன்னார். 6-மெர்காப்டோபியூரின் என்ற மருந்து, முயல்களின் எதிர்ப்பாற்றலைத் தணித்ததென்று அதில் கண்டிருந்தது. அதனை அளித்தபோது சில நாய்களில் மாற்றுச் சிறுநீரகம் வாரக்கணக்கில் இயங்கியது. போர்ட்டர் செய்த உதவி அவ்வளவுதான். ஆயினும் அவர் பெயரை நான் விட்டுவிடுவதில்லை.

பீட்டர் மெடவார், தம் ஆராய்ச்சியால் சிகிச்சைக்குப் பயனில்லை என்று முன்பு சொற்பொழிவொன்றில் கூறியவர். அவரே இவ்விளைஞரை மர்ரேயிடம் செல்லத் தூண்டினார். 1960இல் கேல்ன் உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்கா சென்றார். வழியில் ஹிட்ச்சிங்ஸ், கெர்ட்ரூட் எலியன் இருவரையும் கண்டு, அவர்கள் ஆக்கிய புதிய மருந்துகளைப் பெற்றுக்கொண்டார். மர்ரே தம் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டார். அங்கே சோதித்த மருந்துகளுள் ஒன்றே அசதியோபிரின். 1962இல் இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தைப் பெற்ற நோயாளி, அம்மருந்தின் துணையால் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார்.

1965இல் கேல்ன் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார். பின்னாளில் கிரேக்க நாட்டு இளைஞர் ஒருவர் அவரிடம் ஆராய்ச்சி பழக வந்தார். சைக்ளோஸ்போரின் என்ற புதுமருந்து எளிதில் கரையவில்லை. அவர் தம் நாட்டு ஆலிவ் எண்ணெயை எடுத்து அதில் கரைத்து எலிகளுக்குக் கொடுத்தார்; பொருத்திய இதயங்கள் நெடுநாள் துடித்தன. 1978இல் கேல்ன் அம்மருந்தைச் சிறுநீரக நோயாளிகளுக்கு அளித்தார்.