ஆள் மேல் பாயும் சேவலை என்ன செய்வது?

சேத்தூர், ராஜபாளையம் பக்கம் புறக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: "சேவல் பிள்ளைகளை விரட்டி அடிக்குது, என்ன செய்ய?" நாய்க்குப் பேர்போன ஊரில் சேவலுக்குப் பயப்படுவதா என்று சிரிக்க வேண்டாம். தெற்கு ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன 76 வயது மூதாட்டி ஒருவர், காலில் நரம்பு சுருட்டியிருந்த இடத்தில் சேவல் கொத்தி, ரத்தம் நிற்காமல் இறந்ததாக 2019-ல் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. தவழும் பிள்ளைக்கோ கண்தான் ஆபத்து.

5, 6 மாதத்தில் கொண்டை சிவந்து கூவத் தொடங்கும்போதுதான் பெரும்பாலும் இந்தக் குணம் தலைகாட்டும். தன் பெட்டைகளைக் காக்கும் சேவல், உங்களை இன்னொரு சேவலாக நினைக்கிறது. நீங்கள் ஓடினால் அது ஜெயித்த கணக்கு. உதைத்தால் சண்டைக்குக் கூப்பிட்ட கணக்கு. மறுநாள் இன்னும் வேகமாக வரும்.

"பெருவிடை ரத்தம், அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அசில் சேவல் இன்னொரு சேவலைக் கண்டால் விடாது. ஆனால் வளர்ப்பவர் கையில் பூனைபோல அடங்கியிருக்கும். தினமும் தூக்கித் தடவிப் பழக்குவதுதான் காரணம். அதையே நீங்களும் செய்யுங்கள். இரவு அடைந்த பிறகு, இறக்கைகளை உடம்போடு சேர்த்துப் பிடித்து, கக்கத்தில் இடுக்கி, துள்ளல் அடங்கும்வரை 10 நிமிடம் வைத்திருங்கள். தலைகீழாகத் தொங்கவிடக் கூடாது. பகலில் பாய வந்தால் முறத்தைக் குறுக்கே பிடித்து அசையாமல் நில்லுங்கள். அது விலகியதும் நிதானமாக இரண்டு எட்டு முன்னே வையுங்கள். தினமும் விடாமல் இரண்டு, மூன்று வாரம் செய்து பாருங்கள். அதுவரை பிள்ளைகள் முற்றத்தில் விளையாடும் நேரம் சேவல் பஞ்சாரத்துக்குள் இருக்கட்டும். கல்லெறிந்து சீண்டும் பிள்ளைகளையும் கொஞ்சம் கண்டியுங்கள். பாதிச் சேவல்கள் கெடுவது அதனால்தான்.

கால்முள்ளின் கூர்நுனியை மட்டும் அரத்தால் மழுக்கலாம். உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் உண்டு, அடியோடு வெட்டாதீர்கள்.

காயம் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.டி. ஊசி தேவையா என்று கேளுங்கள். சேவல் கொத்தி வெறிநோய் வராது. கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டு நிற்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

மூன்று வாரத்திலும் திருந்தாவிட்டால் குழம்புக்குப் போகட்டும். பந்தயத்துக்கென்று கூடுதல் விலை கேட்டு வருபவரிடம் விற்காதீர்கள். சேவல்களை மோதவிடுவது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இந்தக் குணம் ஓரளவு குஞ்சுக்கும் இறங்கும் என்பதால், அதனோடு சேர்ந்த பெட்டையின் முட்டையை அடைவைக்க வேண்டாம். சேவலை அகற்றிய பிறகும் அதன் விந்து பெட்டையின் உடலில் இரண்டு, மூன்று வாரம் உயிரோடு இருக்கும். ஆகவே புதுச் சேவலை விட்டு மூன்று வாரம் கழித்து இடும் முட்டையை எடுத்து அடைவையுங்கள்.