புளிப்பின் மீதொரு பிழையான நம்பிக்கை

நீர்க்கடுப்பு பெண்களையே மிகுதியும் வாட்டும். அவர்களது சிறுநீர்த்தாரை குட்டையானது. வெளியே சொல்லக் கூசி, அடுக்களையிலேயே மருந்து தேடப்பட்ட நோய் இது. வட அமெரிக்க வீடுகளில் அம்மருந்து கிரான்பெர்ரி.

1923-இல் பிளேதர்விக், லாங் என்ற இருவர், இப்பழம் சிறுநீரின் அமிலத்தன்மையைக் கூட்டுவதாக எழுதினர். அமிலம் கிருமியைக் கொல்லும் என்ற நம்பிக்கை வேரூன்றியது. ஆனால், கொல்லும் அளவுக்குப் புளிப்பு சிறுநீரில் சேர்வதில்லை. விளக்கம் சரிந்தது, பழச்சாறு மட்டும் தங்கிவிட்டது.

1984-இல் சொபோட்டா வேறொன்றைக் கண்டார். ஈ. கோலை பாக்டீரியா நம் உயிரணுக்களில் ஒட்டிக்கொள்வதை இச்சாறு தடுக்கிறது. கொல்வதில்லை, பிடிமானத்தைக் குலைக்கிறது. 1994-இல் 153 முதிய பெண்களிடம் நடந்த ஆய்வில், நாள்தோறும் 300 மில்லிலிட்டர் அருந்தியோரின் சிறுநீரில் கிருமியும் சீழணுவும் குறைந்தே காணப்பட்டன. (அதற்கு நிதியளித்தது ஒரு கிரான்பெர்ரி நிறுவனம்தான்.)

2012-இல் பெரும்பயன் இல்லையென்ற காக்ரேன் ஆய்வுக்குழு, 2023-இல் 50 ஆய்வுகளைத் தொகுத்தபின், தொற்று அடிக்கடி வரும் பெண்களுக்கு அது ஏறத்தாழக் கால் பங்கு குறைகிறதென்று மாற்றிச் சொன்னது. இது வருமுன் காப்பது மட்டுமே. எரிச்சல் தொடங்கியபின் சாற்றையே நம்பிக் காத்திருந்தால், கிருமி சிறுநீரகம்வரை ஏறிவிடக்கூடும்.