அரிசி வராத காலம்: 1942க்குப் பின் தென்னிந்திய அடுப்படியில் மாற்றுப்பொருள்கள்

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. தன் தேவையில் பாதிகூட விளையாத திருவிதாங்கூரும், உண்ணும் அரிசியில் பெரும்பங்கைக் கப்பலில் வரவழைத்த இலங்கையும் முதலில் அடிபட்டன. சென்னை மாகாணத்திலும் பங்கீட்டு முறை வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் அரிசியின் இடத்தை நிரப்ப வீடு, உணவகம், ஆய்வுக்கூடம் என மூன்று தளங்களிலும் முயற்சிகள் நடந்தன. அவற்றில் அரிசியாகவே தோன்ற முயன்றது நிலைக்கவில்லை. அரிசி செய்த வேலையை மட்டும் ஏற்றுக்கொண்டவை நிலைத்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருவிதாங்கூரில் மரச்சீனிக்கிழங்கு எனப்படும் மரவள்ளி போருக்கு முன்பே இருந்தது. தென்னமெரிக்கப் பயிரான அதை, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்துப் பரப்பினார். ஆயினும் அது நெடுநாள் ஏழைகளின் உணவாகவே கருதப்பட்டது. பர்மா அரிசி நின்றபோதுதான் வசதியுள்ள வீடுகளின் அடுப்பிலும் ஏறியது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அப்போது அந்தச் சமஸ்தானத்தில்தான் இருந்தது. அங்கே மரச்சீனியும் மீன்கறியும் இன்றும் விரும்பி உண்ணும் இணை. இந்த இணையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கிழங்கில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. புரதம் மிகக் குறைவு. அதில் சயனைடு தரும் சேர்மங்களும் உண்டு. துண்டு போட்டு, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டும் வழக்கம் அந்த நஞ்சைக் குறைக்கிறது. வடிப்பது சோறாக்கிய கைகளுக்குப் பழகிய வேலைதான். புரதக் குறையை மீன் ஈடுசெய்தது. சோற்றுக்கு வைத்த அதே குழம்பு கிழங்குக்கும் பொருந்தியதால் சட்டியில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. கொல்லையில் நட்டுக்கொள்ளலாம் என்பதும் சிறிய காரணம் அல்ல.

உணவகத் தளத்துக்கு எடுத்துக்காட்டு ரவா இட்லி. 1924இல் தொடங்கிய பெங்களூரின் மாவள்ளி டிபன் ரூம்ஸ், போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டின்போது தாங்களே இதை உருவாக்கியதாகச் சொல்கிறது. ஓர் உணவகம் தன்னைப் பற்றிச் சொல்லும் வரலாற்றைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே ஏற்க வேண்டும். ஆனால் அந்தப் பண்டத்தின் தர்க்கம் ஐயமற்றது. அரிசியும் உளுந்தும் ஓரிரவு புளிக்கும்போது புளிப்பும் வாயுவும் உண்டாகின்றன. உளுந்தின் பசை அந்த வாயுவைப் பிடித்து வைக்கிறது. ரவா இட்லியில் புளிப்பைத் தயிர் தருகிறது. தயிரின் அமிலத்தோடு சேர்ந்து சோடா உப்பு வாயுவைத் தருகிறது. தயிரில் ஊறிய ரவையே மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது. நெய்யில் தாளித்த கடுகும் முந்திரியும் சேர்ந்ததும் அது அரிசி இட்லியின் போலியாக இல்லாமல் தனிப் பண்டமாகிவிட்டது. ஆட்டுரலும் இரவுக் காத்திருப்பும் தேவையற்றுப் போனது எதிர்பாராத லாபம். அரிசி திரும்பி வந்த பிறகும் அது உணவுப் பட்டியலை விட்டு நீங்காததற்கு அந்த லாபமும் காரணம் என்று கருதுகிறேன்.

பங்கீட்டில் வந்த கோதுமை, சப்பாத்தி தேய்த்துப் பழகாத வீடுகளில் சுமையாகவே இருந்தது. உடைத்து உப்புமா கிண்டியபோது ஓரளவு இறங்கியது.

மூன்றாவது முயற்சி அரசு சார்ந்தது. 1951க்குள் உணவு இறக்குமதியை நிறுத்த வேண்டும் என்று 1949இல் நேரு அறிவித்திருந்தார். 1950இல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், வி. சுப்ரமணியன் தலைமையில், மரவள்ளி மாவு, நிலக்கடலை மாவு, கோதுமை ஆகியவற்றைப் பிசைந்து மணி வடிவில் பிழிந்து செயற்கை அரிசி தயாரித்தது. புரதக் கணக்கில் அது தீட்டிய அரிசிக்குக் குறைந்ததல்ல. இருந்தும் வீடுகளில் வேரூன்றவில்லை. ஆலையிலிருந்தே வர வேண்டும் என்பது ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை அதன் தோற்றம் என்பது என் முடிவு. அரிசி உருவில் இலைக்கு வந்த பண்டம் ஒவ்வொரு கவளத்திலும் அரிசியோடு ஒப்பிடப்படும். அந்தப் போட்டியில் நிலக்கடலை மாவு வெல்ல முடியாது. அதே மரவள்ளி கிழங்காகவே வந்தபோது யாரும் அதைச் சோற்றோடு அப்படி ஒப்பிடவில்லை.

இவ்வாதத்துக்கு எதிராகச் சேலம் ஜவ்வரிசியைக் காட்டலாம். அதுவும் போலிதான். மலாய்ப் பகுதியிலிருந்து வந்த ஜவ்வரிசி ஒருவகைப் பனையின் தண்டு மாவில் செய்யப்பட்டது. போரில் அவ்வரவு நின்றதும், 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் மரவள்ளி மாவில் அதை உருட்டத் தொடங்கினர். பஞ்சம் கடுமையானபோது கிழங்கை உணவுக்கே விட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் ஜவ்வரிசித் தயாரிப்பைத் தடுத்ததாகவும், தயாரிப்பாளர்கள் சங்கமாகத் திரண்டு முறையிட்டுத் தடையை நீக்கியதாகவும் அத்தொழிலின் வரலாறு சொல்கிறது. இந்தப் போலி வென்றதற்குக் காரணம் எளிது. பாயசத்திலும் வடகத்திலும் ஜவ்வரிசிக்குச் சொந்தச் சுவை என்று அதிகம் கிடையாது. பாலைக் கெட்டியாக்குவதும், வெந்தால் கண்ணாடிபோல் தெளிவதுமே அதன் வேலை. மரவள்ளி மாவு அதைக் குறைவின்றிச் செய்தது. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தபோது, பனையின் நினைவே பெரும்பாலோருக்கு இல்லை. தானியம் விலக்கும் விரத நாளில் மகாராஷ்டிர வீடுகளில் கிண்டும் சாபுதானா கிச்சடிக்கு இன்று போவதும் இந்த மரவள்ளி ஜவ்வரிசிதான்.