சர்க்கரையும் சாக்கரினும்

நம் சங்கத்தின் ஆண்டு விழாப் பந்தியில் பாயசம் வரும்போது, கையைக் குறுக்கே நீட்டி 'வேண்டா' என்போர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருவதை அன்பர்கள் கண்டிருப்பார்கள். அவர்களுள் சிலர், காப்பி வந்ததும் சட்டைப் பையிலிருந்து சிறு டப்பி ஒன்றை எடுத்து, மிளகினும் சிறிய மாத்திரையைக் காப்பியில் இடுகின்றனர். உடனே எதிர் வரிசையிலிருந்து, "அதைப் போடாதீர்கள் ஐயா, புற்றுநோய் வரும்!" என்று ஒரு குரல் எழுகின்றது. "டாக்டரே சொன்னது, ஒன்றும் செய்யாது" என்று மறுகுரல் எழுகின்றது. இவ்வழக்கு நம் பந்தியில் தோன்றியதன்று. இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதனை அறிந்தவர் வீணே அஞ்சவும் மாட்டார், வீணே துணியவும் மாட்டார் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். யாம் மருத்துவரல்லேம், படித்தறிந்ததைத் தொகுத்து வைப்பதே எம் பணி.

முதலில் பெயரைக் காண்போம். பருக்கைக் கல்லைக் குறிக்கும் 'சர்க்கரா' என்னும் வடசொல், கல் போன்ற கட்டிச் சர்க்கரைக்கும் பெயராயிற்று. அது கிரேக்கத்திலும் இலத்தீனிலும் 'சாக்கரம்' எனத் திரிந்தது. மேனாட்டு இரசாயன அறிஞர் தாம் கண்ட புதிய இனிப்புக்குச் 'சாக்கரின்' என்று பெயரிட்டது அச்சொல்லைக் கொண்டே. ஆகவே நம் வீட்டுச் சர்க்கரைக்கும் அயல்நாட்டுச் சாக்கரினுக்கும் பொருளில் உறவு இல்லையாயினும் பெயரில் உறவு உண்டு.

சாக்கரின் பிறந்த ஆண்டு 1879. பிறந்த இடம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். பேராசிரியர் ஐரா ரெம்சென் என்பாரின் ஆய்வுக்கூடத்தில், கான்ஸ்டான்டின் ஃபால்பெர்க் என்பவர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு நாள் மாலை உணவுண்ணும்போது அவர் கையிலெடுத்த ரொட்டி இனித்தது. ரொட்டியில் இனிப்பு இல்லை. கையில் ஒட்டியிருந்த பொருளே இனித்தது என்று உணர்ந்தார். சர்க்கரையினும் ஏறத்தாழ 300 மடங்கு இனிப்புடைய அப்பொருள், உடலில் தங்காது சிறுநீரோடு வெளியேறிவிடுவதால் கலோரி தருவதில்லை. கூட்ஸ் ஆபீஸில் நிலக்கரி வேகன்களுக்கு ரசீது எழுதும் எமக்கு, அக்கரிய பொருளின் வழியே இத்தகைய வெண்ணிற இனிப்புத் தோன்றியது நம்புதற்கு அரியதாகவே இருந்தது. முதற்கட்டுரையை இருவரும் சேர்ந்தே வெளியிட்டனர். பின்னர் எடுத்த காப்புரிமையிலோ ரெம்சென் பெயர் இல்லை. ஆசிரியருக்கு அது ஆறாத மனக்குறையாயிற்று.

புதிய இனிப்பு விலை மலிந்தவுடன் முதலில் அஞ்சியோர் நோயாளர் அல்லர், சர்க்கரை ஆலைக்காரரே. பீட்ரூட் சர்க்கரை பெருந்தொழிலாயிருந்த ஜெர்மனி, 1902-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சாக்கரினை மருந்துக் கடைக்குள் அடைத்தது. விளைவு யாது? தடையில்லாத சுவிட்சர்லாந்திலிருந்து எல்லை கடந்து சாக்கரின் கள்ளத்தனமாகச் சென்றது.

அமெரிக்காவில் கதை வேறு வகையாக நடந்தது. 1901-இல் செயின்ட் லூயி நகரில் தோன்றிய மான்சாண்டோ நிறுவனத்தின் முதற் சரக்கே சாக்கரின்தான். உணவுக் கலப்படத்தை எதிர்த்துப் போராடிய ஹார்வி வைலி என்னும் அரசாங்க இரசாயனத் தலைவர், அதனைத் தடுக்க வேண்டுமென்று வாதிட்டார். ஆனால் அன்றைய குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், மருத்துவர் சொற்படி தாமே அதை உண்டு வந்தவர். அவர் சினந்து, 1908-இல் அறிஞர் குழு ஒன்றை அமைத்தார். அதன் தலைவர் யார்? அதே ஐரா ரெம்சென்! நாளொன்றுக்கு 0.3 கிராம் வரை தீங்கில்லை என்பது அக்குழுவின் முடிபு. ஆயினும், சர்க்கரைக்கு மாற்றாக அதைக் கலப்பது உணவின் தரத்தைக் குறைக்கும் என்று கூறி, 1912-இல் பொது உணவுப் பண்டங்களில் அது விலக்கப்பட்டது. சில ஆண்டுகளில் முதல் உலகப் போர் வந்தது. சர்க்கரைப் பஞ்சமும் வந்தது. விலக்கப்பட்ட சாக்கரின் மீண்டும் உள்ளே வந்தது.

1937-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்வீடா என்னும் மாணவர் சைக்ளமேட்டைக் கண்டார். ஆய்வு மேசையில் வைத்த சிகரெட்டு வாயில் இனித்ததே அதற்குக் காரணம். அது எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டியை உண்டாக்கியது என்ற ஆய்வினால் அமெரிக்கா 1969-இல் தடை செய்தது. ஐரோப்பிய நாடுகளிலோ அது இன்றும் அனுமதிக்கப்பட்டுள்ளது. 1977-இல் சாக்கரின் மீதும் அதே குற்றம் சாட்டப்பட்டது. கனடா நாட்டு ஆய்வில் எலிகளுக்கு உணவில் நூற்றுக்கு 5 பங்கு சாக்கரினே கொடுக்கப்பட்டது என்பதை அன்பர்கள் கருத வேண்டும். தடை செய்ய முயன்றபோது நீரிழிவு நோயாளர் கூக்குரலிட்டனர். அமெரிக்கப் பேரவை தடையை நிறுத்தி, எச்சரிக்கை அச்சிடுமாறு மட்டும் பணித்தது. எலியின் சிறுநீர்த் தன்மையால் அதன் பையில் நுண்படிகங்கள் தோன்றி உறுத்துகின்றன, மனிதரிடம் அந்நிலை ஏற்படுவதில்லை என்று பின்னர்த் தெளிந்தது. 2000-ஆம் ஆண்டில் அவ்வெச்சரிக்கை நீக்கப்பட்டது. ஒரு பொருளின் மீது விழுந்த ஐயம் தீர 23 ஆண்டுகள் ஆயின!

1965-இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர் என்பார், காகிதத்தை எடுக்க விரலை நாவில் வைத்தபோது அஸ்பார்ட்டேம் வெளிப்பட்டது. 1976-இல் இலண்டனில் சசிகாந்த் பட்னிஸ் என்னும் நம் இந்திய மாணவர், 'சோதித்துப் பார்' என்னும் பொருளில் சொன்ன ஆங்கிலச் சொல்லைச் 'சுவைத்துப் பார்' என்று கேட்டு நாவிலிட்டதால் சுக்ரலோஸின் இனிமை தெரிந்தது என்பர். பராகுவே நாட்டுக் குவாரனி மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த ஸ்டீவியா என்னும் சீனித்துளசியின் சாறு, நம் நாட்டில் 2015-இல் அனுமதி பெற்றது.

இனி அண்மைச் செய்திக்கு வருவோம். 2023 ஜூலையில் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், அஸ்பார்ட்டேம் புற்றுநோயை உண்டாக்கக் கூடியதாய் இருக்கலாம் என்ற பிரிவில் அதனைச் சேர்த்தது. சான்று குறைவே என்றும் அதுவே கூறியது. அதே நாளில் மற்றோர் உலக நிபுணர் குழு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை கொள்ளலாம் என்ற பழைய அளவை மாற்ற வேண்டியதில்லை என்றது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 2.4 கிராம். முன்னது, தீங்கு உண்டோ என்ற வினாவுக்கு விடை. பின்னது, எவ்வளவில் என்ற வினாவுக்கு விடை. பத்திரிகைத் தலைப்பில் முன்னது மட்டுமே வந்தது.

அத்தலைப்பைப் படித்த நம் நண்பர் ஒருவர், மாத்திரை டப்பியைக் குப்பையில் எறிந்தார். 'நாட்டுச் சர்க்கரை இயற்கைதானே' என்று காப்பிக்கு இரண்டு கரண்டி வீதம் இட்டுக்கொண்டார். சில மாதங்களில் இரத்தச் சர்க்கரை ஏறி, காலிற்பட்ட சிறு காயம் ஆறாத புண்ணாகி, பல வாரம் மருத்துவமனையிற் கிடந்தார். வரக்கூடும் என்ற நோய்க்கு அஞ்சி, வந்துவிட்ட நோயை மறந்ததன் விளைவு இது. எதிர்ப்புறத்திலும் பிழை உண்டு. மாத்திரை போட்ட காப்பியைத் துணையாக வைத்துக்கொண்டு இரண்டு ஜிலேபி உண்பாரையும் கண்டிருக்கிறோம்.

ஆதலின், எதை வாங்குவது என்று கேட்போர் மூன்று வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொள்வாராக. முதலாவது, யாருக்கு? 2023 மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம், உடல் எடையைக் குறைக்க இவ்வினிப்புகளை நம்ப வேண்டாம் என்றது. முன்னரே நீரிழிவு உடையோரை அவ்வறிவுரையிலிருந்து விலக்கியது. பீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறையுடையோர் அஸ்பார்ட்டேமைத் தொடலாகாது. இரண்டாவது, எதற்கு? அஸ்பார்ட்டேம் கொதியில் இனிப்பை இழப்பதால் பாயசத்துக்கு ஆகாது; சுக்ரலோஸை மிகுந்த சூட்டில் வறுப்பதும் சுடுவதும் நன்றன்று என ஜெர்மன் நாட்டார் 2019-இல் எச்சரித்தனர். மூன்றாவது, எதனோடு? 'சீனித்துளசி' என்று மேலே எழுதிய பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்தால், டெக்ஸ்ட்ரோஸ் போன்ற சர்க்கரையே எடைக்காகச் சேர்க்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

இவ்வரலாறு முழுவதிலும் ஒன்று புலனாகின்றது. 'நஞ்சு' என்றோரும் 'அமுது' என்றோரும் பெரும்பாலும் அளவைச் சொல்ல மறந்தனர். அளவைக் கேட்பவனே ஏமாறாதவன். இனிப்பின் மேலுள்ள ஆசையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்வது எல்லாவற்றினும் நன்று. அது இயலாத நீரிழிவுடையார்க்கு, அளவறிந்து இட்ட சிறு மாத்திரை பகையன்று.

அடுத்த விழாப் பந்தியில் சர்க்கரை இடாத காப்பிக்குத் தனிப் பாத்திரம் ஒன்று வைக்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டிக்கொள்கின்றோம். அருகில் சர்க்கரையும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். அவரவர் உடல் நிலையறிந்து எடுத்துக்கொள்வார்கள். எதிர் வரிசையில் உள்ளோர் அமைதியாக உண்பார்களாக. வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!