ஆற்றில் போட்டுக் குளத்தில் எடுத்த கதைகள்

விருத்தாசலம் என்றதும் சிலருக்கு ரயில் ஜங்ஷன் ஞாபகம் வரும், சிலருக்குப் பீங்கான். எனக்கு ஒரு பழமொழி. யாராவது தொலைத்த இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தேடினால், ‘ஆத்துல போட்டுட்டுக் குளத்துல தேடுறான் பாரு’ என்போம் இல்லையா, அந்தப் பழமொழி. அதிலிருக்கும் ஆறு விருத்தாசலத்தின் மணிமுத்தாறு. குளம், திருவாரூர்க் கமலாலயம். போட்டவர் சுந்தரர்.

ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம், பழமலை என்றும் சொல்வார்கள். அங்கே சிவபெருமான் சுந்தரருக்குப் பன்னிரண்டாயிரம் பொன் கொடுக்கிறார். திருவாரூர்க்காரர்கள் பார்த்து வியக்கும்படி அதை அங்கேயே தர வேண்டும் என்கிறார் சுந்தரர். ‘மணிமுத்தாற்றில் போடு, கமலாலயத்தில் எடுத்துக்கொள்’ என்று உத்தரவாகிறது. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பொன்னை ஆற்றில் விடுவதற்கு முன் சுந்தரர் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொள்கிறார். அதற்கு மச்சம் என்று பெயர். பிறகு குளத்தில் எடுத்த பொன்னை இந்த மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தால் மாற்று குறைகிறது. மறுபடி பாடிய பிறகுதான் சரியாகிறது. நம்ம பாஷையில் சொன்னால் செக்சம். ஃபைலை அனுப்புவதற்கு முன்பே ஹாஷ் எடுத்து வைத்துக்கொண்ட மனுஷன்.

கதைகளும் இப்படித்தான் ஓர் ஆற்றில் போடப்பட்டு வேறொரு குளத்தில் எடுக்கப்படுகின்றன. ஒருவர் படைத்த பாத்திரத்தை இன்னொருவர் எடுத்து, விட்ட இடத்திலிருந்தோ விடாத இடத்திலிருந்தோ தொடர்வதை இன்று ஃபேன் ஃபிக்‌ஷன் என்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு திருவிழாவே உண்டு. யூல்டைட் என்று பெயர், 2003இல் தொடங்கியது. அதிகம் பேர் கைவைக்காத ஒரு படைப்பைச் சொல்லி, ‘இதிலே இந்தப் பாத்திரத்தைப் பற்றி ஒரு கதை வேண்டும்’ என்று ஒருவர் கேட்பார். முகம் தெரியாத இன்னொருவர் அவருக்காகக் குறைந்தது ஆயிரம் வார்த்தை எழுதுவார். டிசம்பர் 25 அன்று பரிசு பிரிக்கப்படும். எழுதியவர் யார் என்பது ஜனவரி பிறந்த பிறகுதான் தெரியும். காசு கிடையாது, பத்திரிகை கிடையாது. ஒரு வாசகருக்காக ஒரு கதை, அவ்வளவுதான்.

இந்த விடுமுறைக்கு அப்படி ஒரு பரிசுப்பெட்டியைத் தமிழில் கட்டினால் உள்ளே எதையெல்லாம் வைப்பேன் என்று யோசித்தேன். யோசிக்கப் போனால், பெட்டி நம்மிடம் ரொம்ப நாளாகவே இருக்கிறது.

ஒரு கல்லின் வரலாறு

அகலிகையை எடுத்துக்கொள்வோம். கௌதமர் சபித்ததும் அவள் கல்லானாள் என்பது நமக்குத் தெரிந்த கதை. ஆனால் வால்மீகியில் அவள் கல்லாவதில்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றை உண்டு, சாம்பலில் கிடக்க வேண்டும் என்பதே அங்கே சாபம். கம்பனில்தான் கல்லாகிறாள். ஆனால் இந்தக் கல் கம்பனுக்கும் முந்தியது. எட்டுத்தொகை நூல்களில் ஒன்றான பரிபாடலில், திருப்பரங்குன்றத்து மண்டபத்து ஓவியங்களைப் பார்க்க வருகிறவர்களைப் பற்றி ஒரு பகுதி உண்டு. வந்தவர்கள் சுவரைச் சுட்டிக்காட்டி, இவன் பூனை உருவில் வந்த இந்திரன், இவள் அகலிகை, இவர் கௌதமர், இது அவள் கல்லான கோலம் என்று ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்கிறார்கள். ஃபேன் ஆர்ட் பார்த்துப் பேசிக்கொள்ளும் கூட்டம்தானே இது? அந்தச் சுவரில் இருந்த கல், எந்த வழியாகவோ கம்பன் கைக்கு வந்திருக்கிறது.

கம்பனும் மூலத்தில் இல்லாத காட்சியைச் சேர்க்கத் தயங்கியவன் இல்லை. வில் ஒடிவதற்கு முன்பே மிதிலை வீதியில் ராமனும் சீதையும் பார்த்துக்கொள்வது வால்மீகியில் கிடையாது. கூடவே அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடித்துவிடப் பார்க்கும் பூனை என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறான். ‘பாத்திரங்கள் என்னுடையவை அல்ல’ என்று கதைக்கு மேலே ஒரு வரி போட்டுவிட்டு ஆரம்பிக்கும் இன்றைய ரசிக எழுத்தாளர்களின் முப்பாட்டன் அந்தப் பூனை.

பெட்டிக்குள்

முதல் பரிசு, இந்த ஊரின் பெயரையே இயற்பெயராகக் கொண்டவருடையது. சொ. விருத்தாசலம் என்கிற புதுமைப்பித்தன். 1906இல் அவர் பிறந்தது இதே கடலூர் மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூரில், குடும்பத்தின் பூர்வீகம் திருநெல்வேலி. அகலிகையை அவர் இரண்டு முறை எழுதினார். 1934இல் வந்த ‘அகல்யை’யில் கௌதமர் சாபமே போடுவதில்லை. உடலுக்கு நேர்ந்ததை மனத்தின் களங்கமாக எண்ணாமல் மன்னித்துவிடுகிறார். இளைஞன் எழுதிய நல்ல கதை, எல்லாம் தீர்ந்துவிடுகிறது.

ஒன்பது வருஷம் கழித்து, 1943இல், அதே கதைக்குத் திரும்பி வந்து ‘சாப விமோசனம்’ எழுதினார். இங்கே ராமனின் கால் தூசி பட்டுக் கல் பெண்ணான பிறகுதான் கதை தொடங்குகிறது. ராமாயணம் ‘சுபம்’ போட்டுவிட்டுப் போன இடம். விமோசனம் ஆயிற்று, அடுத்த நாள் காலையில் என்ன? கௌதமரும் அகலிகையும் மறுபடி குடித்தனம் நடத்த வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் இதற்கு உள்ளர்த்தம் வந்துவிடுமோ என்று அஞ்சி அஞ்சிப் பேச வேண்டும். ஆற்றங்கரைக்குப் போனால் மற்றப் பெண்கள் ஒதுங்குகிறார்கள். அவளுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் ராமன், தன்னை மன்னித்த ராமன். பதினான்கு வருஷம் கழித்துத் திரும்பி வந்த சீதை, இலங்கையில் தீக்குளித்த கதையை அவளிடம் சொல்கிறாள். அவனா கேட்டான் என்று அகலிகையால் நம்ப முடியவில்லை. தனக்கு ஒரு நீதி, சீதைக்கு ஒரு நீதியா? அவள் மறுபடி கல்லாகிறாள்.

இரண்டு கதைகளையும் ஒரே நாளில் படித்துப் பாருங்கள். ஒரே ஆள், ஒரே மூலம். முதல் முறை கௌதமர் நல்லவராகிவிட்டால் போதும் என்று தோன்றியிருக்கிறது. இரண்டாம் முறை, மன்னிப்பை ஒருவர் கொடுப்பதும் இன்னொருவர் பெற்றுக்கொள்வதுமான ஏற்பாட்டின் மீதே சந்தேகம் வந்துவிட்டது.

இரண்டாவதும் அவருடையதே. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’, அதுவும் 1943. திருவிளையாடல் புராணத்துச் சிவன் மதுரையில் பிட்டுக்கு மண் சுமந்தார். இந்தச் சிவன் சென்னையில், பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற மூலையில் வந்து நிற்கிறார். கந்தசாமிப் பிள்ளை அவரைக் காபி குடிக்க அழைத்துப் போகிறார், பிறகு தான் நடத்தும் சித்த வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரராகவே சேர்த்துவிடுகிறார். எண்பது வருஷம் ஆகியும் சிரிப்பு குறையவில்லை.

மூன்றாவது, எம்.வி. வெங்கட்ராமின் ‘நித்யகன்னி’. கும்பகோணத்தில் ஜரிகை வியாபாரம் செய்துகொண்டே எழுதியவர் அவர். மூலம், மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வரும் ஒரு கிளைக்கதை. காலவன் தன் குரு விசுவாமித்திரருக்குத் தட்சிணையாக எண்ணூறு வெள்ளைக் குதிரைகள் தர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு காது மட்டும் கறுப்பாக இருக்க வேண்டும். குதிரைக்குப் பதிலாக யயாதி தன் மகள் மாதவியைக் கொடுக்கிறான். ஓர் அரசனிடம் இருநூறு குதிரை, ஒரு பிள்ளை. பிறகு அடுத்த அரசன். ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னும் மறுபடி கன்னியாகிவிடுவாள் என்பது அவளுக்குக் கிடைத்த ‘வரம்’. மூன்று அரசர்களிடம் அறுநூறு தேறுகிறது. மீதி இருநூறு உலகத்திலேயே இல்லை, அதற்கு ஈடாகக் குருவே அவளை ஏற்றுக்கொள்கிறார். மூலத்தில் இது கிட்டத்தட்ட ஒரு கணக்கு வழக்கு. வெங்கட்ராம் அந்தக் கணக்குப் புத்தகத்தின் ஒரு வரவுப் பதிவைப் பார்த்து, உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். நாவல் அதுதான்.

நான்காவது, அம்பையின் ‘அடவி’. செந்திரு என்ற பெண் வீட்டை விட்டுக் காட்டுக்குப் போய்த் தங்குகிறாள், அங்கே சீதையின் கதையை எழுத ஆரம்பிக்கிறாள். அவள் எழுதும் கதையில் முதிய சீதை காட்டில் ராவணனைச் சந்திக்கிறாள். அவன் அவளுக்கு வீணை கற்றுத்தர முன்வருகிறான். கதைக்குள்ளே ஒருத்தி ரசிகக் கதை எழுதுவதும், அதை எழுதுவதே அவளுக்குத் தெம்பாவதும் நம் கண் முன்னே நடக்கின்றன. ஏன் எழுதுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் கொடுப்பேன்.

ஐந்தாவது கொஞ்சம் ஜாலியானது. ‘பொன்னியின் செல்வன்’ 1950இலிருந்து 1954 வரை கல்கியில் தொடராக வந்து முடிந்தபோது, இப்படி நிறுத்திவிட்டீர்களே என்று வாசகர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதி, யார் யாருக்குப் பிற்பாடு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டியதாயிற்று. அது போதவில்லை. அமுதசுரபி ஆசிரியராக இருந்த விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று தொடர்ச்சியே எழுதினார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு காலச்சக்கரம் நரசிம்மா ‘சங்கதாரா’ எழுதினார். எழுபது வருஷமாக ஒரு கொலை வழக்கை மூட விடாமல் வைத்திருக்கும் வாசகர் கூட்டம் வேறெங்கே இருக்கிறது?

மச்சம்

‘சொந்தமா எழுத வராதவன்தான் இன்னொருத்தன் பாத்திரத்தை எடுப்பான்’ என்று ஒரு பேச்சு உண்டு. எழுதத் தொடங்கும் பத்தொன்பது வயசுக்காரர்களை இது நன்றாகவே பயமுறுத்துகிறது. இதற்குப் பதில் சொல்ல விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அங்கே பொம்மை செய்யக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சும். உள்சுவரை ஒட்டி மண் ஒரு தோலாகப் படியும். போதுமான கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் உள்ளே வெறும் கூடான ஒரு பிள்ளையார். அச்சு கொடுத்தது வெளிவடிவம் மட்டும்தான். பிசிறைச் சீவுவதும், சூளையில் வெடிக்காமல் சுட்டு எடுப்பதும், கண் எழுதுவதும் அவரவர் கைவேலை. ஒரே அச்சில் பிறந்த நூறு பொம்மைகளில் ஏதோ ஒன்று மட்டும் நம்மைப் பார்க்கிறது என்றால் அது கண் எழுதியவர் கை.

எடுப்பதில் திருட்டே கிடையாது என்று நான் சொல்லவில்லை. புதுமைப்பித்தனே தழுவலை எதிர்த்து, மொழிபெயர்ப்புதான் நேர்மை என்று சண்டை போட்டவர். அவர் காலமான பிறகு, அவருடைய கதைகளில் சில மாப்பசானைத் தழுவியவை என்று எடுத்துக்காட்டியவர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய ரகுநாதன். அவர் மீது இந்தப் பேச்சு வந்தபோது யாரும் ‘சாப விமோசனம்’ கதையைச் சுட்டிக்காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். அகலிகை எங்கிருந்து வந்தாள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தால்தான் அந்தக் கதையே வேலை செய்யும். ராமனை அறியாதவனுக்கு அவள் மறுபடி கல்லாவதில் அதிர்ச்சி ஏது?

சுந்தரர் கையில் வைத்திருந்த துண்டுப் பொன்னின் நியாயம் இதுதான். எங்கிருந்து எடுத்தேன் என்று காட்ட ஒரு மச்சம் கையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பக்கத்தில் வைத்து உரைத்துப் பார்க்கலாம். தழுவலை மறைப்பவனிடம் மச்சம் இருக்காது. ரசிகக் கதைக்காரன் அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வருகிறான். மாற்று குறைந்தால் நமக்குத் தெரிந்துவிடும், அவன் மறுபடி பாட வேண்டியதுதான். ‘அகல்யை’க்குப் பிறகு ஒன்பது வருஷம் கழித்து நடந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பட்டியலில் இல்லாதவன்

பெட்டியில் கடைசியாக ஒன்று வைக்கிறேன். இது யாருடைய கதைக்கும் தொடர்ச்சி இல்லை. கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’. இதே பெயர் கொண்ட தொகுப்புக்குத்தான் அவர் மறைவுக்குப் பின் 1970இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. புத்தகம் படிக்கும் குழந்தைகள் சூழ வாழும் ஒருவர், புது வருஷத்துக்கு அவர்களில் சிலருக்கு டைரி பரிசளிக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குத் தரவில்லை. மறந்துபோனதுகூட இல்லை, அப்படித் தோன்றவேயில்லை. சாரங்கன் அழவில்லை, கோபிக்கவில்லை. அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய், தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான்.

மேலே சொன்ன கதைகளையெல்லாம் எழுதியவர்கள் சாரங்கனை அடையாளம் கண்டவர்கள் என்று எனக்குப் படுகிறது. பெரிய கதை எல்லோருக்கும் ஏதாவது கொடுத்துவிட்டுப் போகிறது. ராமனுக்குப் பட்டாபிஷேகம், விசுவாமித்திரருக்குத் தட்சிணை, காலவனுக்கு நிம்மதி. அகலிகைக்கும் மாதவிக்கும் அது எதையும் தரத் தோன்றவேயில்லை. நூற்றாண்டுகள் கழித்து ஒரு வாசகர் வந்து அந்த டைரியை வாங்கி, பெயரை எழுதிக் கொடுக்கிறார்.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் இந்தக் கதைகளில் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். படித்து முடித்ததும் ஒரு சிநேகிதரிடம் கேளுங்கள், நீ படித்த கதைகளில் ரெண்டே வரி வந்துவிட்டுப் போன யாரைப் பற்றி உனக்கு இன்னும் தெரிய வேண்டும் என்று. அவர் ஒரு பெயர் சொல்வார். அதை அவருக்காக எழுதுங்கள். கமலாலயத்தில் இறங்கித் துழாவிய சுந்தரரைப் பார்த்து, ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறீர்களே என்று பரவையார் சிரித்தாராம். உங்களையும் யாராவது சிரிப்பார்கள். பரவாயில்லை, தேடுங்கள்.